கடல் கடந்த கைகள்

கொழும்பு நூதனசாலைக்குச் செல்லும் எம்மவர் பலர், பொலன்னறுவையிலே கண்டெடுக்கப்பட்ட நடராசப் பெருமானின் செப்புத் திருமேனியின் முன் கைகூப்பி நின்று, மனநிறைவோடு திரும்பி விடுவர். அதே நூதனசாலையில் உள்ள ஒரு கற்பலகையை ஊன்றி நோக்குவோர் மிகச் சிலரே. 1911 ஆம் ஆண்டிலே காலி நகரில், ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அக்கல் கண்டுபிடிக்கப்பட்டது. 1409 ஆம் ஆண்டிலே சீன தேசத்தில் ஆயத்தஞ் செய்யப்பட்டு, செங் ஹோ என்னும் கடற்படைத் தலைவனால் ஈழத்துக்குக் கொண்டுவரப்பட்ட சாசனம் அது. அதிலே மூன்று மொழிகள் பொறிக்கப்பட்டுள்ளன. சீன மொழியிலே புத்தபிரானுக்குச் செலுத்திய காணிக்கை கூறப்படுகின்றது. தமிழிலே தெவிநுவரையில் எழுந்தருளியிருந்த தென்னாவரை நாயனாருக்குச் செலுத்திய காணிக்கை கூறப்படுகின்றது. மூன்றாவது மொழியிலே இசுலாமியரின் இறைவன் போற்றப்படுகின்றான். அந்த மூன்றாவது மொழி எது? அரபு மொழி என்றே பலரும் எண்ணுவர். அன்று, அது பாரசீக மொழி.

பாரசீகம் எங்கே, காலித் துறைமுகம் எங்கே என்று வியப்போர் இருத்தல் கூடும். ஆயினும் அக்காலத்து இந்து சமுத்திரத்திலே வாணிகஞ் செய்த பல இனத்தாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் பயன்பட்ட மொழிகளுள் பாரசீகமும் ஒன்று. அதற்குப் பன்னூறு ஆண்டுகளின் முன்னரே பாரசீகர் ஈழத்துக் கரைகளை அறிந்திருந்தனர். ஆறாம் நூற்றாண்டிலே எழுதிய கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், இத்தீவிலே பாரசீகக் கிறித்தவர் ஒரு கூட்டத்தார் வாழ்ந்தனர் என்று குறித்துள்ளார். மன்னார்க் கரையிலுள்ள மாந்தையிலே அகழ்ந்தபோது, நீலப்பச்சை நிற மெருகு பூசிய பாரசீகச் சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. எம் வீட்டுத் தாய்மார் அன்றாடம் கையாளும் 'பீங்கான்' என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே. மணவறையிலே மாப்பிள்ளைக்குப் போர்த்தும் 'சால்வை'யும் அந்நாட்டுச் சொல்லே.

பண்டம் கடல் கடக்கும். சொல்லும் கடல் கடக்கும். அவ்வாறெனின், அப்பண்டத்தைச் செய்த கை கடல் கடவாதோ? கடந்தது. பாரசீகக் கலைஞரின் கைகள் சமர்க்கந்துக்கும், துருக்கிக்கும், டில்லிக்கும் சென்ற வரலாற்றையும், தமிழ்நாட்டுத் தபதியரின் கைகள் ஈழத்துக்கு வந்த வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு நோக்கும்போது எமது இளைஞர் சிந்தித்தற்குரிய ஓர் உண்மை புலனாகும்.

கொண்டவன் கொடுத்தான்

பாரசீகம் உலகுக்குக் கலை வழங்கிய நாடு என்று நூல்கள் புகழும். அப்புகழ் தக்கதே. ஆனால் அந்நாடு முதலிலே பிறர் கையிலிருந்து கலையைப் பெற்றுக்கொண்ட நாடு என்பதையும் மறத்தல் ஆகாது. கிறித்துவுக்கு முன் 522 முதல் 486 வரை ஆண்ட தாரயவுஷ் மன்னன், சூசா நகரிலே தான் கட்டிய அரண்மனையைப் பற்றி ஒரு சாசனம் பொறித்து வைத்தான். கல் வெட்டியவர் அயோனியாவிலிருந்தும் சார்திசிலிருந்தும் வந்த கிரேக்கரும் லிதியரும் என்றும், பொன்வேலை செய்தவர் மேதியரும் எகிப்தியரும் என்றும், செங்கல் சுட்டவர் பாபிலோனியர் என்றும் அச்சாசனம் கூறுகின்றது. தந்தம் வந்த நாடுகளுள் சிந்து நாடும் ஒன்றாம். பேரரசன் ஒருவன் தன் பெருமையைப் பறைசாற்ற எடுத்த சாசனத்திலே, 'இதனை என் நாட்டார் மாத்திரம் செய்யவில்லை' என்று எழுதி வைத்த பெருந்தன்மையை என்னென்பது! பல நாட்டுக் கைகள் ஒன்றுகூடியதனாலே பாரசீகக் கலை பிறந்தது. அவ்வாறு பிறந்த கலையே பின்னர் பல நாடுகளுக்கும் சென்றது.

சென்ற வழிகள் மூன்று. வாளின் வழி ஒன்று. அழைப்பின் வழி ஒன்று. வாணிகத்தின் வழி ஒன்று.

வாளின் வழியைத் தைமூரின் வரலாற்றிலே காணலாம். 1370 முதல் 1405 வரை ஆண்ட தைமூர், தான் வென்ற நகரங்களிலே மக்களைக் கொன்று குவித்தான். ஆயினும் கைவினைஞரைக் கொல்லாது சமர்க்கந்துக்கு நடத்திச் சென்றான். இஸ்பஹான், சீராஸ், தப்ரீஸ் முதலிய பாரசீக நகரங்களின் ஓடு பதிப்போரும் கொத்தரும் அங்குச் சென்றனர். 1398 இல் டில்லியைச் சூறையாடியபோது இந்தியக் கற்றச்சரையும் அவன் கொண்டு சென்றான். இன்று சமர்க்கந்திலே நீல வானத்தோடு போட்டியிடும் நீலக் குவிமாடங்கள், அவ்வாறு ஊரிழந்து சென்றவரின் கைவேலைகளே. தைமூரின் சமாதி வளாகத்து வாயிலிலே ஒரு கைவினைஞன் தன் பெயரைப் பொறித்திருக்கிறான்: மஹ்மூதின் மகன் முகம்மத், இஸ்பஹான் நகரத்துக் கொத்தன். தந்தையின் பெயர், தன் பெயர், தொழில், ஊர் ஆகிய நான்கே அப்பொறிப்பின் சாரம். ஊரை இழந்தவன் ஊரின் பெயரை ஓட்டிலே வைத்துவிட்டுப் போனான். துருக்கியின் பூர்சா நகரிலே, 1424 அளவில் நிறைவெய்திய பச்சைப் பள்ளிவாசலிலும் 'தப்ரீஸ் நகரத்து ஆசான்மாரின் வேலை' என்னும் பொறிப்பு உண்டு. அப்பொறிப்பிலே தனிப்பெயர் இல்லை. ஊர்ப்பெயர் மாத்திரம் நின்றது.

பல்லக்குத் தூக்குவோன் மகன்

அழைப்பின் வழி இதனினும் இனியது. மொகலாய மன்னன் உமாயூன், 1540 இல் ஷெர்ஷாவிடம் தோற்று நாடிழந்தான். 1544 இல் பாரசீக மன்னர் தமாஸ்பின் அவையிலே அடைக்கலம் புகுந்தான். அங்கே அவன் கண்ட ஓவியங்கள் அவன் உள்ளத்தைக் கவர்ந்தன. நாடற்ற நிலையிலும் ஓவியரை நாடிய மன்னன் அவன்! தப்ரீஸைச் சேர்ந்த மீர் சையித் அலியும், சீராஸைச் சேர்ந்த அப்துல் சமதும் 1549 இல் காபூலிலே அவனை வந்தடைந்தனர். 1555 இல் உமாயூன் டில்லி அரியணையை மீட்டபோது அவ்விருவரும் உடன் வந்தனர். மறு ஆண்டே உமாயூன் இறந்தான். அவன் மகன் அக்பரின் அவையிலே அவர்களுடைய பணி தழைத்தது.

அக்பர் அவர்களிடம் ஒப்படைத்த பெரும்பணி 'ஹம்சா நாமா' என்னும் கதைநூலுக்கு ஏறத்தாழ 1400 ஓவியங்கள் தீட்டுதல். அப்பணி சுமார் 15 ஆண்டு நடைபெற்றது. பாரசீக ஓவியம் சிறிய தாளிலே, நுண்ணிய தூரிகையாலே, அசைவற்ற பூங்கா போல் அமைவது. ஹம்சா நாமாவின் ஓவியங்களோ பருத்தித் துணியிலே, இரண்டடிக்கு மேற்பட்ட உயரத்திலே தீட்டப்பட்டன. அவற்றிலே இந்தியாவின் மரங்கள் தோன்றின, யானைகள் தோன்றின, மக்கள் கூட்டமும் ஆரவாரமும் தோன்றின. காரணம் யாது? இரு பாரசீக ஆசான்மாரால் மாத்திரம் 1400 ஓவியங்களைத் தீட்டுதல் இயலாது. ஆகவே அவர்கள் இந்திய ஓவியர் பலரைப் பழக்கினர். பழகிய மாணவர் ஆசானின் கோட்டைக் கற்றனர்; ஆனால் தம் கண்ணை விட்டுவிடவில்லை.

அம்மாணவருள் ஒருவன் தஸ்வந்த். அவன் பல்லக்குத் தூக்குவோன் ஒருவனின் மகன். சுவர் கண்ட இடமெல்லாம் படம் வரைந்து திரிந்த அச்சிறுவனை அக்பர் கண்டு, அப்துல் சமதிடம் கற்க விடுத்தான் என்று அபுல் பசல் எழுதியிருக்கிறார். சில காலத்துள் அவன் அவையின் தலைசிறந்த ஓவியருள் ஒருவனாகத் திகழ்ந்தான். பாரசீகத்து அரசவை ஓவியர் ஒருவர், வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடைய ஏழைச் சிறுவன் ஒருவனின் கையைப் பிடித்துக் கோடு வரையக் கற்பித்த அந்நாளிலேதான் மொகலாய ஓவியம் பிறந்தது எனலாம். ஆசான் தன் கலையை மறைத்து வைத்திருந்தால் அது அவனோடு மாண்டிருக்கும்.

கட்டடக் கலையும் அவ்வாறே. டில்லியிலுள்ள உமாயூனின் சமாதியை அமைத்தவர் ஹெறாத் நகரிலிருந்து வந்த மீராக் மிர்சா கியாஸ் என்னும் கட்டடக் கலைஞர். அது 1570 அளவில் நிறைவெய்தியது. பாரசீகத்திலே இத்தகைய குவிமாடத்தைச் செங்கல்லாற் கட்டி, வண்ண ஓடு பதிப்பர். டில்லியிலே அவருக்குக் கிடைத்த தொழிலாளரோ தலைமுறை தலைமுறையாகக் கல்லை அறிந்தவர். எனவே பாரசீக வடிவம் செந்நிறக் கல்லையும் வெண்சலவைக் கல்லையும் உடுத்துக்கொண்டது. அவ்வடிவமே வளர்ந்து தாஜ்மகாலாக மலர்ந்தது. தாஜ்மகாலின் எழுத்தணியை அமைத்த அமானத் கானும் தன் பெயரோடு தன் ஊராகிய சீராஸின் பெயரைப் பொறித்திருக்கிறான். உலகமே வியக்கும் அக்கட்டடத்திலே கையொப்பமிட்ட கலைஞன் அவன் ஒருவனே.

வாணிகத்தின் வழிக்கு எடுத்துக்காட்டு எமக்கு மிக அண்மையிலே உண்டு. மசூலிப்பட்டினத்துக் கரையிலே வண்ணத்தால் ஆடை எழுதும் தொழில் பழமையானது. கோல்கொண்டாச் சுல்தான்களின் காலத்திலே பாரசீகச் சந்தைக்காக அங்கே கொடியும் பூவும் எழுதலாயினர். அத்தொழிலுக்கு இன்று வழங்கும் 'கலம்காரி' என்ற பெயர் பாரசீகப் பெயர். 'கலம்' என்றால் எழுதுகோல். அவ்வகைத் துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டிய சாயவேர் எமது மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டு, ஒல்லாந்தர் காலத்திலே வாணிகப் பொருளாய் விளங்கியது.

ஈழத்துக்கு வந்த கைகள்

இனி எமது நாட்டை நோக்குவோம். பாரசீகர் சென்ற அம்மூன்று வழிகளும் ஈழத்து வரலாற்றிலும் உள. இங்கே வந்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கைகள்.

993 ஆம் ஆண்டிலே முதலாம் இராசராசனின் படை ஈழத்தின் வடபகுதியைக் கைக்கொண்டது. 1070 இல் விசயபாகு சோழரை வெளியேற்றும் வரை அவர்களது ஆட்சி நீடித்தது. அக்காலத்திலே பொலன்னறுவையில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம், அடி முதல் முடி வரை கல்லாலே சமைக்கப்பட்டது. தொல்பொருட் பகுதியார் 'இரண்டாம் சிவதேவாலயம்' என்று இலக்கமிட்டுள்ள கோயில் அதுவே. செங்கல்லே பெருவழக்காயிருந்த நகரிலே அக்கற்கோயில் சோழநாட்டுத் தபதியின் அளவுகோலை எடுத்துக்காட்டி நிற்கின்றது.

பொலன்னறுவைச் சிவதேவாலயங்களிலே 1907, 1908 ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் அவர்களின் காலத்திலும், பின்னர் 1960 இலும் செப்புத் திருமேனிகள் பல வெளிப்பட்டன. அவை தமிழ்நாட்டிலே வார்க்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டனவா, இங்கேயே வார்க்கப்பட்டனவா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் வார்த்த முறை ஒன்றே. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து முதலில் உருவஞ் செய்வர்; அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்துவர்; தீயிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்திலே உருகிய உலோகத்தை ஊற்றுவர்; ஆறிய பின் மண்ணை உடைப்பர். அச்சு உடைந்து போவதால் ஒரு திருமேனி போல் மற்றொன்று பிறவாது. சுவாமிமலையிலே இன்றும் தபதியர் தென்னோலைக் கீற்றொன்றை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்பதெல்லாம் அவ்வோலையின் மடிப்பிலே அடங்கும். மடியிலே செருகிக்கொள்ளத்தக்க ஓர் ஓலைக் கீற்றும், பழகிய இரு கைகளும் இருந்தாற் போதும். கலை கடல் கடந்து விடும்.

வாளின் வழி இருபுறமும் ஓடியது. முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டான். அவன் படை பாண்டிநாட்டிலே சிறைப்பிடித்த தமிழரைக் கொண்டு அநுராதபுரத்து ருவன்வெலிசாயாவைப் புதுப்பித்தான் என்றும், பொலன்னறுவையிலே ஒரு பெருந்தூபியை எழுப்பினான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. தமிழரால் எழுப்பப்பட்டமையால் அதற்குத் தமிழத்தூபி என்றே பெயர் வழங்கிற்று. சமர்க்கந்துக்கு நடத்திச் செல்லப்பட்ட இஸ்பஹான் கொத்தனுக்கும் இச்சிறையாளருக்கும் உள்ள ஒற்றுமையைக் கவனியுங்கள். அவனாவது தன் பெயரை வைத்துச் சென்றான். இவர்களுக்கு எஞ்சியது இனத்தின் பெயர் மாத்திரமே.

இனி அழைப்பின் வழி. இதுவே எம் வரலாற்றின் மிக அழகிய ஏடு. 1344 ஆம் ஆண்டு. கம்பளையிலே நான்காம் புவனேகபாகு அரசு செய்த காலம். அவ்வாண்டிலே பேராதனைக்கு அப்பால், ஒன்றுக்கொன்று அண்மையிலே, இரண்டு பௌத்த விகாரைகள் எழுந்தன. கடலாதெனியா விகாரையைத் தர்மகீர்த்தி தேரர் எழுப்புவித்தார்; இலங்காதிலக விகாரையை அமைச்சர் சேனாதிலங்காரர் எழுப்புவித்தார். கடலாதெனியாவை அமைத்த தலைமைத் தபதி கணேசுவராசாரி. இலங்காதிலகத்தை அமைத்தவர் தபதிராயர். இருவரும் தென்னாட்டு மரபினர். இருவர் பெயரையும் அவ்விகாரைகளின் சாசனங்கள் காத்து வைத்துள்ளன. இலங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் உண்டு.

கடலாதெனியாவுக்குச் செல்லும் இளைஞர், மலைப்பாறையின் மேல் நிற்கும் அக்கற்கட்டடத்தைக் கண்டவுடன், 'இது எம் கோயில் மண்டபம் அன்றோ' என்று ஒருகணம் மயங்குவர். தூண்களிலே ஆடுமகளிர், மேலே விமானம். உள்ளே சென்றாலோ மகரதோரணத்தின் கீழ்ப் புத்தபிரான் அமர்ந்திருக்கிறார். இலங்காதிலகத்திலே தபதிராயர் கல்லை விடுத்துச் செங்கல்லையும் சுதையையும் கையாண்டார். நடுவே புத்தர் திருவுருவமும், சுற்றிலும் உபுல்வன், சமன், விபீஷணன், கந்தகுமாரன், கணபதி ஆகிய தெய்வங்களின் இடங்களும் அமைந்தன. பாரசீகத் தபதி டில்லியின் கல்லுக்குத் தன் வடிவத்தைப் பொருத்தினான். தென்னாட்டுத் தபதி மலைநாட்டின் வழிபாட்டுக்குத் தன் வடிவத்தைப் பொருத்தினான். இவை தமிழ்க்கலையா, சிங்களக் கலையா என்று வழக்குரைத்தல் வீண். வந்த கையும் வரவேற்ற நிலமும் கூடிப் பெற்ற பிள்ளைகள் அவை. பிள்ளையைத் தாய் வீட்டாரும் தந்தை வீட்டாரும் ஒருங்கே கொண்டாடலாம். பிளந்து பங்கிட முடியாது.

அத்தோடு அக்கலை நின்றுவிடவில்லை. கண்டி இராச்சியத்திலே கலைஞர் தலைவனுக்கு 'மூலாச்சாரி' என்ற பட்டம் வழங்கிற்று; அச்சொல்லிலே எமது 'ஆசாரி' ஒலிக்கின்றான். கண்டி ஏரியையும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரியார். கடலாதெனியாவை அடுத்த ஊர்களிலே பித்தளை வார்ப்போர் இன்றும் தொழில் நடத்துகின்றனர். இவர்களைப் போன்ற கைவினைஞரின் வாழ்வை ஆராய்ந்து 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை ஆங்கிலத்திலே வெளியிட்டவர் யார்? கொழும்பிலே 1877 இல் பிறந்த தமிழ்மகன் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் அரசரின் பெயர்களோடு நின்றுவிடவில்லை. ஊர் ஊராய்ச் சென்று ஆசாரிமாரின் பட்டறைகளிலே அமர்ந்து, அவர்களுடைய கருவிகளையும் முறைகளையும் வடிவங்களையும் பதிவு செய்தார். அவ்வாறு பதிவு செய்தமையாலன்றோ, இன்று அவற்றை நாம் அறிகின்றோம்!

எமது தெருவிலே

தொலைவிலுள்ள சமர்க்கந்தையும் கம்பளையையும் கண்டோம். இனி எமது தெருவுக்கு வருவோம்.

கொழும்புக் கொச்சிக்கடையிலே, கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் விளங்கும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை அறியாத சைவர் கொழும்பிலே இரார். பொன்னம்பல முதலியார் 1857 அளவில் நிறுவிய அக்கோயிலை, அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முற்றும் கருங்கல்லாலே புதுக்கி எழுப்புவித்தார். விசயநகர மரபிலே அமைந்த தூண்களும் மண்டபங்களும் கொண்ட அக்கோயிலுக்குத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து உளி பிடித்தனர். பொலன்னறுவையின் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அதே ஆண்டுகளிலே, குமாரசுவாமியின் நூல் அச்சேறிய அதே ஆண்டுகளிலே, கொச்சிக்கடையிலும் கல்லின்மேல் உளியோசை கேட்டுக்கொண்டிருந்தது. இராமநாதனும் குமாரசுவாமியும் மைத்துனர் முறையினர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இராமநாதனின் பெயரை நாம் அறிவோம், அத்தெருவுக்கே அவர் பெயர் இடப்பட்டுள்ளது, அஃது உரியதே. ஆனால் அம்மண்டபத்துத் தூணிலே சாய்ந்து நின்று, 'இதைச் செதுக்கியவன் எவன்? எந்த ஊரான்?' என்று வினவினால், எம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? 1344 இல் விகாரை எழுப்பிய தேரர் தம் தபதியின் பெயரைச் சாசனத்திலே எழுதுவித்தார். தம் சமயத்தவன் அல்லாத தபதி என்று அவர் ஒதுக்கவில்லை. நாமோ எம் கோயில்களின் சுவர்களிலே உபயகாரர் பெயரைச் சலவைக் கல்லிலே எழுதுகின்றோம். இத்தனை ரூபா என்றும் எழுதுகின்றோம். சிற்பியின் பெயருக்கு மாத்திரம் இடம் போதாமற் போகின்றது.

இஃது ஒரு குறை. இதனினும் பெரிய குறை மற்றொன்று உண்டு. எமது கோயில்களிலே பன்னீராண்டுக்கு ஒருமுறை திருப்பணி நிகழும். சுதை வேலைக்கும் கல் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து தபதியரை அழைப்போம். அவர் வருவர், கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவர், கும்பாபிடேகம் முடிந்ததும் பொன்னாடை போர்த்து அனுப்பி வைப்போம். திருமேனி எமக்குக் கிடைத்தது, கலை கிடைத்ததா? அப்துல் சமத் ஓவியத்தை மாத்திரம் தந்துவிட்டுச் சென்றிருந்தால் இந்தியாவுக்குச் சில ஏடுகள் கிடைத்திருக்கும். ஓவிய மரபு கிடைத்திராது. ஒரு தஸ்வந்த் அருகிருந்து கற்றமையாலே மரபு பிறந்தது. வந்த கை கற்பித்த இடத்திலேதான் கலை வேரூன்றும். வந்த கை வேலை முடித்துத் திரும்பிய இடத்திலே கட்டடம் மாத்திரம் எஞ்சும். இரு நாட்டு வரலாறும் ஒருங்கே கூறும் உண்மை இதுவே.

எமது நாட்டிலே கைகள் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்திலே தேரும் வாகனமும் செதுக்கும் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக உளர். கொழும்புச் செட்டியார் தெருவிலே பொன்னை நூலாய் இழைக்கும் பத்தர்மார் உளர். ஆயினும் அவர்தம் பிள்ளைகளுள் எத்தனை பேர் தந்தையின் உளியை எடுக்கின்றனர்? 'கைத்தொழில் செய்வோன்' என்றால் ஒரு படி தாழ்த்தி நோக்கும் எம்மவர் மனப்பான்மைக்கு இதிலே பங்கில்லையா? கணக்காளராகவும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் பிள்ளைகள் வரவேண்டும் என்று விரும்புகின்றோம், விரும்புவது தவறன்று. ஆனால் கணேசுவராசாரியும் பொறியியலாளரே என்பதை மறந்துவிட்டோம்.

தமிழ்நாட்டிலே இதற்கு வழி கண்டனர். 1957 இல் மாமல்லபுரத்திலே அரசாங்கம் சிற்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. தபதி குடும்பத்துப் பிள்ளைகளோடு பிற குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே கற்கலாயினர். மன்னாரிலே திருக்கேதீச்சரத்துத் திருப்பணிக்கு அக்கல்லூரியினரின் கைகள் உதவின. 2022 இல் கும்பாபிடேகம் நிறைவேறியது. மாந்தையிலே பாரசீகச் சாடி வந்திறங்கிய அதே கரையிலே, ஆயிரம் ஆண்டுகளின் பின்னர் மாமல்லபுரத்துக் கல் வந்திறங்கியது! பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவிலும் இந்தியச் சிற்பிகள் கல்லடுக்கி எழுப்பிய இறைவன் கோயில் 2023 இல் கும்பாபிடேகம் கண்டது. கைகள் இன்றும் கடல் கடந்துகொண்டே இருக்கின்றன.

நாம் செய்யத்தக்கன

இளைஞர்காள்! பழம்பெருமை பேசிக் கலைவது எம் சங்கத்துக்கு அழகன்று. செய்யத்தக்கன மூன்றைச் சொல்லி அமைகின்றேன்.

முதலாவது, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரையுள்ள கோயில்களிலே இனித் திருப்பணி நிகழும்போதெல்லாம், வேலை செய்யும் தபதியர், சுதை வேலையாளர், வண்ணக்காரர் ஆகியோரின் பெயரையும் ஊரையும் ஆசானின் பெயரையும் கேட்டு ஒரு பதிவேட்டிலே எழுதி வையுங்கள். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். இன்று எழுதாவிட்டால், நூறாண்டின் பின் எழுதுவோர் எங்கே போய்க் கேட்பர்?

இரண்டாவது, பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். தருமகர்த்தாக்களும் திருப்பணிச் சபையாரும் சிற்பிகளை அழைக்கும்போது, 'இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகளையேனும் உடன் வைத்துப் பழக்குதல் வேண்டும்' என்பதையும் ஒப்பந்தத்திலே சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுக்கத் தனவந்தர் ஒருவர் முன்வரின், அது கோபுரத்துக்கு ஒரு கலசம் கொடுத்த புண்ணியத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

மூன்றாவது, எம் சங்கத்து யாத்திரையிலே கடலாதெனியாவையும் இலங்காதிலகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்விகாரைகளைக் காக்கும் சிங்களப் பெருமக்களோடு அளவளாவுங்கள். இந்நாட்டிலே இரு இனத்தார் நெஞ்சிலும் புண் உண்டு. 1983 ஐயும் அதன் பின்னர் வந்த ஆண்டுகளையும் மறந்துவிடு என்று எவரும் எவருக்கும் கட்டளையிட முடியாது. ஆயினும் தமிழ்த் தபதி ஒருவனின் பெயரைப் பௌத்த விகாரையின் சாசனம் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளாகக் காத்து வருகின்றது என்பதும் இந்நாட்டு வரலாறே. அதனையும் எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

அடுத்த முறை பொன்னம்பலவாணேசுவரர் சந்நிதியிலே தீபாராதனை கண்டு திரும்பும்போது, ஒரு கணம் தாமதித்து, மண்டபத்துத் தூண் ஒன்றிலே கை வைத்துப் பாருங்கள். உளி பட்ட தடம் விரலுக்குத் தட்டுப்படும். தன் ஊரை விட்டுக் கப்பலேறி வந்து, ஆண்டுக்கணக்காக இக்கல்லோடு போராடி, எமக்கு ஒரு கோயிலைத் தந்துவிட்டுப் போன ஒரு மனிதனின் கை அங்கே இருக்கின்றது. சுவாமியை வணங்கிய கையாலே அக்கையையும் வணங்குவோமாக.